கௌதாரித் துப்பாக்கியும் என் மகளின் தோளும்

அந்த மேல்கோட்டை என் கடைக்குக் கொண்டுவந்தபோது, அதை எதற்குப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கையில்லாத காக்கிக் கோட்டு. முன்பக்கம் வரிசையாக விரல் நுழையும் அளவுக்குச் சின்னச் சின்னப் பைகள். முதுகில் இடுப்புக்குச் சற்று மேலே ஒரு பெரிய பை, உள்ளே ரெக்ஸின் வைத்துத் தைத்தது. பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஆண்களுக்கான உடுப்புதான் இத்தனை வருஷமாகத் தைத்துக்கொண்டிருக்கிறேன். முதுகில் பை வைத்த உடுப்பை நான் பார்த்ததில்லை.

கொண்டுவந்தவர் ஸ்ரீரங்கத்துக்காரர். மலையில் எஸ்டேட் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு, காலில் நல்ல ஷூ. காது கொஞ்சம் மந்தம். கோட்டின் இரண்டு பக்கமும் பிரித்துத் துணி சேர்த்துத் தைக்க வேண்டும் என்றார்.

"ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி தைச்சது, பாய். அப்போ எனக்கு வயிறே கிடையாது."

நான் சிரிக்க மட்டும் செய்தேன். எனக்குப் புது ஆட்களோடு பேச வராது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இங்கிலீஷ் கலந்து பேசுகிறவர்கள் எதிரில் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டால் பேச வேண்டியதில்லை, அதனால் இந்தத் தொழில் எனக்குப் பொருந்தியது.

முதுகுப் பையைப் பிரித்தபோது தையலுக்குள் ஓர் இறகு சிக்கியிருந்தது. விரல் நீளம்கூட இல்லை. பழுப்பில் வெளிர் வரிகள். தூக்கி எறிய மனம் வராமல் பட்டன் டப்பாவில் போட்டு வைத்தேன். அவர் திரும்ப வந்தபோது எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கௌதாரி" என்றார். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் வாலிபத்தில், பறவைகளைச் சுடக்கூடாது என்று சட்டம் வருவதற்கு முன்னால், சித்தப்பாவோடு பச்சைமலை அடிவாரத்துக்குப் போவாராம். கம்பும் வரகும் அறுத்த காடு, செம்மண், முள்வேலி. கௌதாரி கண்ணுக்குத் தெரியாது, கிட்டத்தட்ட மிதிக்கப் போகும்போதுதான் காலடியிலிருந்து கிளம்பும், நெஞ்சு ஒரு தரம் நின்று போகும் என்றார். காலையிலிருந்து பொழுது சாய நடந்தாலும் ஏழெட்டுத் தடவை சுட்டால் அதிகம். மற்ற நேரமெல்லாம் நடைதான். தோட்டாவை முன்பக்கச் சின்னப் பைகளில் சொருகிக்கொண்டு, சுட்டதை முதுகுப் பையில் போட்டுக்கொள்வார்கள். ஆனால் வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. அவர் அம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவார், எல்லாம் டிரைவர் வீட்டுக்குப் போய்விடும்.

"நல்லவேளை சட்டம் வந்தது, பாய். இல்லேன்னா அந்த வயசுல நானே எல்லாத்தையும் முடிச்சிருப்பேன்."

இப்போது ஊருக்கு வெளியே இருக்கும் கிளப்பில் தட்டு சுடுகிறார். பள்ளத்துக்குள் ஒரு மெஷின் இருக்கும். சுடுகிறவர் குரல் கொடுத்தால் அது களிமண் தட்டு ஒன்றை வானத்தில் வீசும். தரையைத் தொடுவதற்குள் அதைச் சுட்டு உடைக்க வேண்டும். பறவைக்குப் பதிலாகத் தட்டு. அங்கே இருப்பவர்கள் அதையும் பறவை என்றுதான் சொல்கிறார்கள்.

தைத்த கோட்டைக் கிளப்பிலேயே கொண்டுவந்து தரச் சொன்னார். தனியாகப் போக வெட்கப்பட்டுக்கொண்டு என் மகளைக் கூட்டிப் போனேன். காலேஜில் இரண்டாம் வருஷம். நான் விட்ட பேச்சையெல்லாம் சேர்த்து அவள் பேசுவாள். அவள் கேட்ட கேள்விகளைப் பார்த்துவிட்டு, அங்கே சொல்லிக்கொடுக்கும் கோச் ஒரு தரம் சுட்டுப் பார்க்கிறாயா என்றார். முதல் தட்டு தப்பியது. இரண்டாவது தட்டு கருப்புப் பொடியாக வானத்தில் சிதறியது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் அதுவரை வீட்டில் பார்த்ததில்லை.

கிளப்பில் காலேஜ் பெண்கள் சிலருக்கு வாரக் கடைசியில் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். தோட்டாவும் அவர்களே தந்தார்கள். என் மகளும் சேர்ந்தாள். என் மனைவி முதலில் முகம் சுளித்தாள், பிறகு கராத்தே மாதிரி ஒன்று என்று வைத்துக்கொண்டாள். நான் என் பங்குக்கு மகளுக்கும் ஒரு கையில்லாக் கோட்டு தைத்தேன். முதுகுப் பை வைக்கவில்லை. வலது தோளில் துப்பாக்கியின் கட்டை வந்து உட்காரும் இடத்தில் உள்ளே பஞ்சு வைத்து, மேலே மெத்தென்ற தோல் போட்டு, குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டினேன். நல்ல வேலை என்று கோச்சே சொன்னார்.

மாநிலப் போட்டிக்குக் கிளப்பிலிருந்து இரண்டு பெண்களை அனுப்புவதாகச் சொன்னார்கள். மூன்று பேர் இருந்தார்கள். யார் அந்த இரண்டு பேர் என்று ஒரு சனிக்கிழமை சுடவைத்துப் பார்ப்பார்கள். கிளப் துப்பாக்கி ஆறடி ஆட்களுக்கானது, இவள் அதை வைத்துக்கொண்டு தடுமாறினாள். இதைப் பார்த்து ஸ்ரீரங்கத்துக்காரர், தன்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும் என்றார். துப்பாக்கி அவர் பெயரில் இருப்பதால் அவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் அவள் கை வைக்கலாம். அதற்காக ஒவ்வொரு வாரமும் தானே வருகிறேன் என்றார். நன்றி என்ற சொல் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் காரில் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஒன்றில் குழல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மெல்லியது, லேசானது, கட்டையில் தேன் நிறத்தில் ரேகை ஓடியது. சித்தப்பாவோடு கௌதாரிக்குப் போனது அதுதான். மற்றதில் குழல் ஒன்றின் மேல் ஒன்று. தட்டு சுடுவதற்கென்றே பின்னாளில் வாங்கியது. தூக்கினால் கை கீழே இழுத்தது.

"நீங்க அளவு எடுக்கறவர். நீங்களே பார்த்து எடுங்கோ" என்றார் என்னிடம்.

கோச் அந்த மாதம் சீனியர்களோடு வெளியூர் போயிருந்தார். கேட்க ஆள் இல்லை. மகள் கனத்த துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்து அது நிலையாக நிற்கிறது என்று ஏதோ சொல்ல வந்தாள். நான் காதில் வாங்கவில்லை. பெண் பிள்ளை, மெலிந்த உடம்பு, லேசானதுதான் சரி என்று நினைத்தேன். அவருக்கும் அது செல்லத் துப்பாக்கி. என் கை அதன் மேல் போனதும் அவர் முகம் மலர்ந்தது. அவர் இவளுக்கு எதிரில் நின்று, கட்டை கொஞ்சம் நீளமோ என்று கேட்டார். கொஞ்சம்தான் சார், போகப்போகச் சரியாயிடும் என்றேன்.

அதைச் சொன்னது என் வாய் அல்ல, என் தொழில். எங்கள் தெருவில் எந்தத் தாயும் பிள்ளைக்குச் சரியான அளவில் யூனிஃபார்ம் தைக்கச் சொன்னது கிடையாது. வளர்ற பிள்ளை பாய், ரெண்டு விரல் மடிச்சு விடுங்க என்பார்கள். பேண்ட்டின் கால் மடிப்பிலும் சட்டையின் கையிலும் துணியை உள்ளே விட்டுத்தான் என் கை பழகியிருக்கிறது. பிறகு பிரித்து விடலாம், ஒட்டுப் போட்டால் தெரிந்துவிடும். இன்னொன்றும் உண்டு. மகள் வயதுக்கு வந்த பிறகு அவளுக்கு நான் நாடா பிடித்ததில்லை. அவள் அம்மா அளவெடுத்து நூலில் முடிச்சுப் போட்டுத் தருவாள், நான் வெட்டுவேன். அவள் தோள் எவ்வளவு, கை எவ்வளவு என்பது எனக்கு நூலில் போட்ட முடிச்சாகத்தான் தெரியும்.

மகள் அந்தத் துப்பாக்கியால் சுட்டாள். நன்றாகத்தான் உடைத்தாள், பாதிக்கு மேல். கடைசித் தட்டுகள் மட்டும் தப்பிக்கொண்டே போயின. களைப்பு என்று நினைத்தேன்.

மூன்று வாரம் இப்படிப் போனது. அப்போது மகளுக்கு ஒரு சம்பந்தம் பேச்சு வந்தது. பாலக்கரைப் பக்கம் நல்ல குடும்பம், பையன் துபாயில் இருக்கிறான். படிப்பு முடிந்துதான் கல்யாணம் என்று சொல்லியிருந்தோம். பெண்ணைப் பார்க்க அந்த வீட்டுப் பெண்கள் வருவதாக இருந்தது. அதற்குப் புதுச் சுடிதார் தைத்துக் கொடுத்தேன். என் மனைவி அதை மகளுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அறையிலிருந்து வெளியே வந்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"தோள் கத்திரிக்கா மாதிரி கன்னிக் கெடக்குங்க. கை மேல்பக்கம் வரைக்கும். நீங்க பாத்தீங்களா?"

நான் எப்படிப் பார்ப்பேன்.

"அந்த வீட்டுப் பொம்பளைங்க வந்தா பிள்ளைய அணைச்சுக்குவாங்க. அவ ஸ்ஸுன்னு சொல்லுவா. யாரு அடிச்சாங்கன்னு கேப்பாங்க. உங்களத்தான் திரும்பிப் பாப்பாங்க."

துப்பாக்கி சுட்டதால் என்று சொல்லலாமே என்றேன். அதற்கு அவள் சிரித்துவிட்டாள், கோபத்தோடுதான். அடித்தேன் என்பதே மேல், அதைச் சொல்லிவிடுங்கள் என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, இது இதோடு போதும், பிள்ளையை விட்டுவிடுங்கள் என்றாள். அவள் பயந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்குப் பயந்திருந்தாள். மகள் கதவருகே நின்றுகொண்டு, ஆரம்பத்தில் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும், நான் பல்லைக் கடித்துக்கொள்கிறேன் என்று சொன்னாள். சொல்லும்போது வலது கையைத் தூக்காமலே நின்றாள்.

கிளப்பில் ஆள் எடுக்கும் சனிக்கிழமைக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அந்த வீட்டுப் பெண்களும் அதே சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் கடைக்குப் போகும்போது மகளின் கோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டேன். இனி அவள் போடப் போவதில்லை, தோலையாவது பிரித்து வேறெதற்காவது வைக்கலாம் என்று. மேஜையில் விரித்தபோதுதான் கவனித்தேன். நான் பார்த்துப் பார்த்துத் தைத்த மெத்தைத் தோல் புதுசாகவே இருந்தது. ஒரு கீறல் இல்லை. அதற்கு வெளியே, கை தொடங்கும் ஓரத்தில், வெறும் துணி எண்ணெய்க் கறுப்பாகத் தேய்ந்து நூல் பிரிந்திருந்தது. துப்பாக்கி ஒரு நாள்கூட அவள் தோள்குழியில் உட்காரவில்லை. நீளமான கட்டையை இழுத்து வைக்க முடியாமல், அவள் கையின் சதையில் வைத்துச் சுட்டிருக்கிறாள். நான் விட்ட இரண்டு விரல் மிச்சம் அங்கே உதைத்துக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். காவிரிப் பாலம் தாண்டும் வரை சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ரொம்ப நன்றி சார், எங்களுக்கு ஒத்துவரவில்லை சார், மன்னித்துக்கொள்ளுங்கள் சார். அவ்வளவுதான். அவர் வீடு சித்திரை வீதியில் இருந்தது. சமையலறையிலிருந்து வந்து கதவைத் திறந்தார். காபி கலந்துகொண்டிருந்தார். எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தார். மகளின் கோட்டை மடியிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டினேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுத்த இடத்தில் விரல் வைத்தார்.

"ரொம்ப வலிக்கறதா குழந்தைக்கு?"

கன்னிப்போயிருக்கிறது என்றேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். தன்னையே திட்டிக்கொள்வது போலச் சொன்னார்.

"நான் முட்டாள், பாய். அந்தத் துப்பாக்கியைத் தோள்ல போட்டுண்டு நாளெல்லாம் நடந்திருக்கேன். சுட்டது ஏழு தடவை, எட்டுத் தடவை. எனக்கு எப்படித் தெரியும் அது உதைக்கும்னு? இவ ஒரே காலையில நூறு தோட்டா போடறா."

அப்புறம் நிதானமாக விளக்கினார். நடக்கிறவனுக்கு லேசான துப்பாக்கி வேண்டும். நின்ற இடத்தில் நின்று சுட்டுக்கொண்டே இருக்கிறவளுக்குக் கனமானது வேண்டும், கனம்தான் உதையை வாங்கிக்கொள்ளும். கோச் இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். நாம் இரண்டு பேரும் அழகைப் பார்த்து ஏமாந்தோம் என்றார். என் தப்பில் பாதியை அவராகவே எடுத்துக்கொண்டார். அதை நான் மறக்க மாட்டேன்.

கனத்த துப்பாக்கியை அலமாரியிலிருந்து எடுத்து, குழலைத் திறந்து காலியாக இருப்பதைக் காட்டிவிட்டு மேஜையில் வைத்தார். அதன் கட்டையும் அவர் கைக்கு அளந்தது. மகளுக்கு அதுவும் நீளம்.

"வெட்டிடலாம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேண்டாம் சார், வெட்டினால் வெட்டினதுதான், அப்புறம் உங்களுக்கு ஆகாது, ஒரு பிள்ளை இன்னும் எத்தனை நாள் சுடுவாள் என்று தெரியாது என்றேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. வேண்டுமானால் கொஞ்சமாக வெட்டலாம், பாதி அளவுக்கு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன்.

அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

"உங்க பொண்ணுக்குப் பத்தொன்பது வயசு. இனிமே வளரமாட்டா. எனக்கு எழுபத்தெட்டு, நானும் வளரமாட்டேன். யாருக்குப் பாய் மிச்சம் விடறேள்?"

காபியைக் குடித்தேன். ஆறியிருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு பிள்ளையிடம் இல்லை, சுடுவதிலும் இல்லை, என் அளவில் என்றேன். அவள் நாடாவை எடுத்துக்கொண்டு மகளை அறைக்குள் கூட்டிப் போனாள். முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரல் வரைக்கும் ஒரு நூல், தோள்குழி அகலத்துக்கு ஒரு நூல், முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"இத மட்டும் மடிச்சு விட்டுத் தைக்காதீங்க."

அதோடு ஒரு நிபந்தனை போட்டாள். அடுத்த தடவை சுடும்போது தானும் வருவாள். சாயங்காலம் தோளைப் பார்ப்பாள். சிவந்திருந்தால் அன்றோடு முடிந்தது. மகள் சரி என்றாள்.

டவுனில் துப்பாக்கி பழுது பார்க்கும் லைசென்ஸ் கடையில் அவரும் நானும் மகளும் போய் நின்றோம். கடைக்காரர் கட்டையின் பின்தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, எங்கே வெட்ட என்று கேட்டார். சாக்குக்கட்டி என் சட்டைப் பையில்தான் இருந்தது. நூலை வைத்து அளந்து கோடு போட்டேன். போட்டுவிட்டு நிமிர்ந்தபோது மகள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தா" என்றாள் மெதுவாக. "தையலுக்கு விட்டுட்டீங்க."

விட்டிருந்தேன். நூல் முடிச்சுக்கு ஒரு விரல் தள்ளிக் கோடு இருந்தது. எனக்கே தெரியாமல் கை போட்டிருந்தது. கட்டை விரலால் அதை அழித்தேன். முடிச்சின் மேலேயே இன்னொரு கோடு போட்டேன். ரம்பம் இறங்கும்போது நான் வெளியே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்ரீரங்கத்துக்காரர் உள்ளே நின்று கடைசி வரை பார்த்தார், அவர் துப்பாக்கி அல்லவா. வெளியே வந்தபோது அவர் கையில் துண்டு மரம் இருந்தது. என் உள்ளங்கையில் வைத்து, மிச்சத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சிரித்தார்.

புதன்கிழமை அவள் சுட்டுப் பார்க்கக் கிளப்பில் அனுமதி வாங்கித் தந்தார். என் மனைவி புர்காவோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காதிலும் விரல் வைத்துக்கொண்டாள். முதல் சத்தத்துக்குத் துள்ளினாள். நாலைந்து சத்தத்துக்குப் பிறகு ஒரு காதிலிருந்து விரலை எடுத்துவிட்டு, எது போச்சு, எது உடைஞ்சுது என்று என்னைக் கேட்க ஆரம்பித்தாள். கடைசித் தட்டுகள் அன்று தப்பவில்லை. சாயங்காலம் அறைக் கதவு சாத்தியிருந்தது. நான் முற்றத்தில் நின்றேன். மனைவி வெளியே வந்து, பழைய காயம் மஞ்சள் ஆகிக்கொண்டிருக்கிறது, புதுசாக ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ் என்றாள். நானும் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் நான் எதிர்பாராதது. போனை எடுத்துப் பாலக்கரை வீட்டுக்குப் பேசினாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"சனிக்கிழமை வேணாங்க, ஞாயித்துக்கிழமை வாங்க. சனிக்கிழமை பிள்ளைக்குத் துப்பாக்கி சுடுற போட்டி இருக்கு." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "ஆமாங்க, துப்பாக்கிதான். பிரியாணி ஞாயித்துக்கிழமைக்கு ஆக்குறேன்."

சனிக்கிழமை மகள் இரண்டாவதாக வந்தாள். இரண்டு பேரில் ஒருத்தி. மாநிலப் போட்டியில் பதக்கம் எதுவும் வாங்கவில்லை, நடுவில் எங்கேயோ வந்தாள். அடுத்த வருஷம் என்கிறாள். பாலக்கரைச் சம்பந்தம் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. அந்தப் பையனின் அம்மாவுக்குத் துப்பாக்கி விஷயம் பிடித்திருக்கிறதா இல்லையா என்று என் மனைவியால் கண்டுபிடிக்க முடியவில்லை. பையனுக்குப் பிடித்திருக்கிறது என்று கேள்வி.

ஸ்ரீரங்கத்துக்காரர் இப்போதும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வருகிறார். மகள் சுட்டு முடித்த பிறகு அதே துப்பாக்கியால் தானும் ஒரு சுற்று சுடுவார். கட்டை அவருக்குக் குட்டையாகிவிட்டது. ஒவ்வொரு உதைக்கும் அவர் கட்டைவிரல் அவர் மூக்கிலேயே இடிக்கும். மூக்கைத் தேய்த்துக்கொள்வார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் தும்முவது போல் நடிப்பார். அந்த லேசான துப்பாக்கியைத் தட்டுக்கு அவர் கொண்டுவருவதில்லை. அதற்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

சில வாரம் அந்த மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் கடையில் அந்தத் துண்டு மரத்தை அளவுக்கு வைத்துக்கொண்டு தோல் வெட்டினேன். செருப்புக் கடையில் வாங்கிய நல்ல தோல். மெஷின் ஊசி இறங்கவில்லை, மெழுகு நூல் போட்டுக் கையால்தான் தைத்தேன். ஒரு காலுறை மாதிரி, கட்டையின் அடியில் மாட்டிக்கொள்வது. அதன் அடிப்பாகத்தில், ரம்பம் எடுத்த கனத்துக்கு, கம்பளித் துணியை அடுக்கடுக்காக வைத்துத் தைத்து இறுக்கினேன். அவர் சுடும்போது மாட்டிக்கொள்ளலாம், மகள் சுடும்போது கழற்றிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை அதை அவர் கையில் கொடுத்தேன். மாட்டினார். தோளில் வைத்தார். கன்னத்தைச் சாய்த்தார். குரல் கொடுத்தார், தட்டு பறந்தது, சுட்டார். தட்டு தப்பிப் போய்ப் புல்லில் விழுந்தது. அவர் துப்பாக்கியைத் திறந்து வெற்றுத் தோட்டாவை எடுத்துவிட்டு, மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சரியா இருக்கு, பாய்" என்றார்.

சந்தோஷம் சார் என்றேன். அன்று பாலம் தாண்டும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்த அந்த நன்றியும் அதோடு சேர்ந்தே வாயிலிருந்து வந்துவிட்டது. காது மந்தம், அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. தலையை ஆட்டினார். அடுத்த தோட்டாவைப் போட்டார்.